அத்தியாயம் 7: தண்ணீர் போன பிறகு

முதல் தடவை நான் செய்த மாம்பழக் கோழியை யாரும் சாப்பிடவில்லை.

மே மாதம். வீட்டில் பங்கனபள்ளி கூடை கூடையாகக் கிடந்தது. ஒரு பழத்தை அரைத்து, வெல்லம், மிளகாய்த்தூள், பூண்டு, உப்பு எல்லாம் கலந்து, எலும்பெடுத்த கோழித் தொடையை அதில் பிரட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரேயடியாகப் போட்டேன். மூன்றாவது நிமிடம் கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “டேய், சர்க்கரை கருகுது பாரு!” ஓடிப்போய்த் துண்டுகளைத் திருப்பினால் அடிப்பக்கம் தார் பூசியது போல இருந்தது. ஒன்றை வெட்டிப் பார்த்தேன். நடுவில் இன்னும் பச்சை இறைச்சியின் இளஞ்சிவப்பு. வெளியே கரி, உள்ளே பச்சை.

ஒரே சட்டி, ஒரே தீ, ஒரே மூன்று நிமிடம். பழத்துக்கு அது அளவுக்கு மீறிய நேரம். கோழிக்குப் போதாத நேரம். இந்தச் சமையலில் இரண்டு கடிகாரங்கள் வேறுவேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வித்தை. அந்தக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பது எது என்று தேடினால், மிகச் சாதாரணமான ஒரு பொருளில் போய் முடிகிறது: தண்ணீர்.

இட்லி ஏன் சிவப்பதில்லை?

ஒரே மாவு. இட்லித் தட்டில் ஊற்றினால் வெள்ளையாக வருகிறது. கல்லில் ஊற்றினால் பொன்னிறமாக முறுகுகிறது. இட்லியை இன்னும் அரை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் சிவக்காது. காரணம், அதைச் சூழ்ந்திருப்பது நீராவி. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும், அந்த வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், வெப்பநிலை ஏறாது. ஈரம் இருக்கும்வரை எந்த உணவும் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

தோசையில் நடப்பது வேறு. கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடிப்படலத்தில் ஈரம் சில நொடிகளில் ஓடிவிடுகிறது. தடுக்க ஆளில்லாததால் அங்கே சூடு 140, 150 என்று ஏறுகிறது. நிறமும் மணமும் அங்கேதான் பிறக்கின்றன.

கோழிக்கும் இதுதான் கதை. தொடைக்கறியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். பழுத்த மாம்பழச் சதையில் 83 சதவீதம் தண்ணீர். ஈரமான கறியை ஈரமான பழக்கூழில் பிரட்டி அடுப்பில் வைத்தவனுக்கு, முதலில் வேகவைத்த கோழி கிடைக்கும். கூழின் ஈரம் வற்றியதும் கறியைத் தொட்ட பக்கத்தில் ஒன்றும் நடக்காது. சட்டியைத் தொட்ட பக்கத்தில் சர்க்கரை தீயும். எனக்கு நடந்தது அதுதான்.

1912, பாரிஸ்

வறுபட்ட கறியின் பழுப்புக்கு ஒரு பெயர் உண்டு. லூயி-கமீல் மயார் என்ற பிரெஞ்சு மருத்துவரும் வேதியியலாளருமானவரின் பெயரால் அது மயார் வினை எனப்படுகிறது. அவருக்குச் சமையலில் நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. உயிர்களின் உடலில் அமினோ அமிலங்கள் எப்படிக் கோத்துக்கொண்டு புரதமாகின்றன என்பதே அவர் கேள்வி. அந்தத் தேடலில் அமினோ அமிலங்களைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கியபோது கரைசல் பழுப்பானது. 1912-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். அந்த வினையின் படிநிலைகளை ஒழுங்காக வரைந்து காட்டியவர், அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் ஹாட்ஜ். அதற்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், புரதத்தின் துணுக்கான அமினோ அமிலமும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரையும் சூட்டில் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை வடிவம் மாறி, உடைந்து, உடைந்தவை மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்கள் உண்டாகின்றன. காப்பிக்கொட்டை வறுபடும் மணம், ரொட்டியின் மேல்தோல், கறி வறுவலின் வாசனை எல்லாம் இந்தக் குடும்பம். வினை குறைந்த சூட்டிலும் நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். சமையலறைக்குப் பயன்படும் வேகம் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும்.

சர்க்கரை தனியாகவும் பழுப்பாகும். புரதத்தின் துணையே இல்லாமல், சூட்டில் தானே சிதைந்து நிறம் மாறுவது அது. வெள்ளைச் சர்க்கரையான சுக்ரோஸுக்கு அதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். ஃப்ரக்டோஸோ 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறத் தொடங்கிவிடும். மாம்பழத்திலும் தேனிலும் ஃப்ரக்டோஸ் தாராளமாக இருக்கிறது. பழம் பூசிய கறி இவ்வளவு சீக்கிரம் கருகுவதற்கு இதுவே காரணம்.

ஆக, கோழிக்கு வேண்டிய 140 டிகிரி பழத்துக்கு ஆபத்து. பழத்துக்குப் பாதுகாப்பான ஈரம் கோழியின் நிறத்துக்குப் பகை. இரண்டையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாகச் சமைக்க வேண்டும்.

முதலில் கோழி

மூன்று நான்கு பேருக்கு அரைக் கிலோ எலும்பெடுத்த தொடைக்கறி போதும். கறிக்கடையில் “பாய், தொடையா எடுத்து எலும்பு நீக்கிக் குடுங்க” என்றால் கிடைத்துவிடும். நெஞ்சுக்கறிக்குப் பதில் தொடை ஏன்? கோழி நாளெல்லாம் நடக்கிற பிராணி, பறப்பது அபூர்வம். உழைக்கிற தொடையில் கொழுப்பும் கொலாஜன் என்ற இணைப்புத் திசுவும் கூடுதல். நெஞ்சுக்கறி 70 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே நார்நாராக வறண்டுபோகும். தொடை 80 டிகிரியிலும் சாறோடு இருக்கும். சமைப்பவரின் கவனம் கொஞ்சம் சிதறினாலும் தொடை மன்னித்துவிடும்.

தடிமன் எங்கும் ஒன்றுபோல, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டராக இருக்கட்டும். வெப்பம் கறிக்குள் மெதுவாகத்தான் நகரும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடாக எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு மூலை தடிமனாக இருந்தால் குழவியால் இரண்டு தட்டுத் தட்டுவது, பத்து நிமிட எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். உப்பு தசைப்புரதங்களைக் கொஞ்சம் இளக்கி, சூட்டில் அவை தண்ணீரைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. அடுப்பில் போடுமுன் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். தாளைக் குப்பையில் போட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த ஒற்றல் அலங்காரத்துக்குச் செய்வதல்ல. மேற்பரப்பில் நிற்கும் ஒவ்வொரு கிராம் தண்ணீரையும் ஆவியாக்க, அதே ஒரு கிராமை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் தேவை. துடைக்காத கறியைப் போட்டால் சட்டியின் சூடெல்லாம் அந்த வேலைக்கே போய்விடும்.

சட்டி காய்ந்ததும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்பிப் போடுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது; நெருக்கினால் ஒன்றின் ஆவி மற்றதை அவித்துவிடும். போட்டதும் ‘சுர்ர்’ என்று சத்தம் எழும். அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், கறியின் மேற்பரப்பைச் சட்டென்று சூடாக்கினால் ஓடு போல இறுகி, உள்ளே இருக்கும் சாற்றைப் பூட்டி வைத்துவிடும் என்று 1847-இல் எழுதினார். இன்றும் சமையல் நிகழ்ச்சிகளில் ‘சாறு வெளியே போகாமல் சீல் ஆகிவிடும்’ என்று சொல்கிறார்கள். தராசு வைத்துப் பார்த்தவர்கள் அது உண்மையல்ல என்று காட்டிவிட்டார்கள். தராசு இல்லாவிட்டாலும் காது போதும். ‘சுர்ர்’ என்பது தண்ணீர் சூடான இரும்பைத் தொட்டு ஆவியாகும் சத்தம். பூட்டு விழுந்திருந்தால் சத்தம் நின்றிருக்க வேண்டும். கடைசிவரை நிற்பதில்லை. நாம் வறுப்பது சாற்றைக் காக்க அல்ல, மணத்துக்காக.

ஐந்தாறு நிமிடம் தொடாதீர்கள். முதலில் ஒட்டியிருந்த கறி, பழுப்பு படிந்ததும் தானே விடும். திருப்பிப் போட்டு இன்னும் நான்கு நிமிடம். இந்த நேரத்தில் உள்ளே ஒரு தொடர்நிகழ்ச்சி நடக்கிறது. 50 டிகிரியைத் தாண்டும்போது மயோசின் என்ற புரதம் உறைகிறது. கண்ணாடி போலிருந்த கறி வெளுக்கிறது. 60-ஐத் தாண்டியதும் தசை இழைகளைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போலச் சாற்றைப் பிழிகிறது. 74 டிகிரியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நொடிகளில் செத்துவிடும். கோழிக்குப் பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை இதுதான். முள் போலக் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நிறத்தை நம்புவதைவிட அதை நம்பலாம். 70-ஐத் தொட்டதும் கறியை எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பழச்சாறு பார்த்துக்கொள்ளும்.

பிறகு பழம்

இப்போது சட்டியைப் பாருங்கள். அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி வறுத்த சட்டியில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி ஆளுக்கொரு உருண்டை வாங்கித் தின்றவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கறியிலிருந்து கசிந்த புரதமும் சர்க்கரையும் சட்டியில் உலர்ந்து மயார் வினையின் உச்சத்துக்குப் போன இடம் அது. மொத்தச் சமையலின் மணமும் அங்கே அடர்ந்திருக்கிறது.

தீயைக் குறைத்து, தட்டிய பூண்டு நான்கு பல், ஒன்றிரண்டாகப் பொடித்த வரமிளகாய் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். பதினைந்து நொடிதான், வாசனை வந்ததும் 200 கிராம் மாம்பழக் கூழையும் இரண்டு மேசைக்கரண்டி வெல்லத்தூளையும் சேருங்கள். மிளகாய் கருகுமுன் கூழின் தண்ணீர் வந்து சூட்டை 100 டிகிரிக்கு இறக்கிவிடும். எந்தத் தண்ணீர் சற்றுமுன் பகையாக இருந்ததோ அதுவே இப்போது காவல். அடியில் ஒட்டிய பழுப்பையும் அதுவே கரைத்து எடுக்கும். கரண்டியால் சுரண்டிவிட்டால் போதும்.

இனி வற்றவிட வேண்டும். 200 கிராம் கூழில் 166 கிராம் தண்ணீர், 27 கிராம் சர்க்கரை. வெல்லத்தையும் சேர்த்தால் கரைந்த பொருள்கள் எல்லாம் 60 கிராம் அளவுக்கு வரும். கறியில் ஒட்டி நிற்கும் பூச்சு வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம். அதாவது 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். வாய் அகன்ற சட்டியில் நான்கைந்து நிமிடத்தில் போய்விடும். குறுகிய பாத்திரத்தில் அதுவே கால் மணி நேரம் இழுக்கும். வேக வேகமாகச் செய்யும் சமையலுக்கு அகலமான சட்டி ஏன் என்றால் இதற்குத்தான்.

வற்ற வற்றச் சத்தம் மாறும். முதலில் சின்னச் சின்னக் குமிழ்கள் சளசளவென்று வெடிக்கும். போகப் போகக் குமிழ் பெரிதாகி, சோம்பல் பட்டுப் ‘பொளக், பொளக்’ என்று உடையும். குழம்பின் பாகுத்தன்மை ஏறுகிறது என்பதன் அடையாளம் அது. பாகு காய்ச்சுகிறவர்கள் விரலிடுக்கில் கம்பி இழுத்துப் பார்ப்பார்களே, அதுவும் இதே இயற்பியல்தான். சர்க்கரை அடர்த்தி கூடக் கூடக் கொதிநிலை உயரும். ஜாம் இறக்குகிற நிலையில் ஏறக்குறைய 105 டிகிரி. கம்பிப் பதம் அதற்கும் மேலே. வெப்பமானி வருவதற்கு முன்பே நம் வீட்டுப் பெண்கள் விரலாலேயே அடர்த்தியை அளந்திருக்கிறார்கள். நமக்குக் கம்பிப் பதம் வேண்டாம். கரண்டியின் முதுகில் வழியும் குழம்பில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம்.

பூச்சு வழுக்கி விழாமல் கறியைப் பற்றிக்கொள்ள உதவுவது சர்க்கரை மட்டுமல்ல. பழங்களின் செல் சுவர்களில் பெக்டின் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு உண்டு. 1825-இல் அதைப் பிரித்து, உறைதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லால் பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கொனோ. சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ள, புளிப்பு பெக்டின் சங்கிலிகளின் மின்னூட்டத்தைத் தணிக்க, அவை ஒன்றையொன்று பிடித்து வலைபோல் பின்னும். ஜாம் உறைவதும் இப்படியே. நம் சட்டியில் முழு வலை உருவாவதில்லை. ஒட்டுவதற்கு அரைகுறை வலையே போதும்.

தட்டில் வைத்த கறியை, அதில் ஊறிய சாற்றோடு சேர்த்துச் சட்டியில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் பிரட்டுங்கள். உள்ளே 74 தாண்டியதா என்று பார்த்துவிட்டு அடுப்பை அணையுங்கள். அரை எலுமிச்சையை அணைத்த பிறகே பிழிய வேண்டும். அதன் மணம் சூட்டில் பறந்துவிடும் என்பதோடு, புளிப்பு மயார் வினையை மந்தமாக்கவும் செய்யும். முன்னாலேயே பிழிந்தால் நிறம் குன்றும். மினுமினுப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கறியின் மேடுபள்ளங்களைப் பாகு நிரப்பி வழவழப்பாக்கிவிட்டதால், சிதறிப் போயிருக்க வேண்டிய வெளிச்சம் கண்ணாடியில் போல ஒரே பக்கம் திரும்புகிறது.

நாக்கு எரிவது பொய்யா?

அறுசுவைப் பட்டியலில் கார்ப்பும் ஒன்று. உடலியலின்படி அது சுவையே அல்ல. ஆனால் பேச்சுவழக்கு இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது: மிளகாயைக் கடித்தவர் ‘நாக்கு எரியுது’ என்றுதான் கத்துகிறார்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்த வாசலைத் தட்டுகிறது என்பதை 1997-இல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. டிஆர்பிவி1 என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் நம் வலி நரம்புகளில் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் வந்து ஒட்டினால் சூடு இல்லாமலே திறந்துகொள்ளும். 2021-இல் ஆர்டெம் படபூட்டியனோடு ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுடச்சுடச் சாப்பிடும்போது காரம் கூடுதலாக உறைப்பதும் இதனால்தான்: சூடும் காரமும் ஒரே வாசலைத் தள்ளுகின்றன.

இதில் ஒரு வேடிக்கை. 2002-இல் ஜூலியஸும் அவர் சகாவும் கோழியின் டிஆர்பிவி1-ஐ எடுத்துச் சோதித்தார்கள். சூட்டுக்குத் திறந்தது; கேப்சைசினுக்கு அசையவே இல்லை. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. அவை பழத்தைத் தின்று விதையை முழுசாகத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும்; பல்லால் விதையை அரைக்கும் விலங்குகளை மட்டும் செடி எரித்து விரட்டும். நம் சட்டியில் கிடக்கும் கோழி, உயிரோடு இருந்தபோது மிளகாய்ப்பழத்தைத் திராட்சை போலக் கொத்தியிருக்கும்.

காரத்தோடு இனிப்பு ஏன் இவ்வளவு இசைகிறது? கடற்கரையில் அன்னாசித் துண்டின் மேல் மிளகாய்த்தூளைத் தூவித் தருபவருக்கு இது தெரியும். மயார் தன் கட்டுரையை அளித்த அதே 1912-இல், அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் மிளகாயின் உறைப்பை அளக்க ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றை, எரிச்சல் சுவைப்பவர்களுக்குத் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போவது அது. எத்தனை மடங்கு நீர்த்தாரோ அதுவே அந்த மிளகாயின் எண். அவர் நீர்க்கப் பயன்படுத்தியது வெறும் தண்ணீரல்ல, சர்க்கரைத் தண்ணீர். இனிப்பு எரிச்சலை மட்டுப்படுத்துகிறது. வெறும் தண்ணீரால் முடியாது. கேப்சைசின் எண்ணெயில் கரையுமே தவிரத் தண்ணீரில் கரையாது. அதனால்தான் மிளகாயைக் கூழுக்கு முன்பே எண்ணெயில் போடச் சொன்னேன். காரம் ஒரே இடத்தில் குத்தாமல் எண்ணெயோடு சேர்ந்து எங்கும் பரவும்.

மாம்பழம் இல்லாத மாதங்களில்

அன்னாசி கை கொடுக்கும், ஒரு எச்சரிக்கையோடு. அதில் புரோமலின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை நறுக்குவது அதன் தொழில். பச்சை அன்னாசிச் சாற்றில் கோழியை இரவெல்லாம் ஊறவைத்தால் காலையில் கறி களிபோல் குழைந்திருக்கும். ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய் சேர்ப்பதும் அதன் தம்பியான பப்பைனை நம்பித்தான். கொதிக்க வைத்தால் புரோமலின் செயலிழந்துவிடும். ஆகவே நம் முறையில் அன்னாசியால் தொல்லை இல்லை. அவசரத்துக்கு ஜாமும் ஆகும். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்பதால் வெல்லம் வேண்டாம். வற்றவிடவும் வேண்டாம், மாறாகக் கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டும்.

இரண்டாவது தடவை இந்த வரிசையில்தான் செய்தேன். கறி பொன்னிறம், குழம்பு மினுமினுப்பு. கோழி உள்ளே வேக நேரம் கொடுத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனவன் திரும்பி வருவதற்குள் பூச்சு அல்வா போல இறுகிவிட்டது. பின்னால் வந்து நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள். “பதறாதே. கருகல, இறுகிருக்கு. ஒரு கரண்டி வெந்நீர் விடு.” விட்டேன். பாகு நெகிழ்ந்து, பழைய பளபளப்புக்கு வந்தது.

அவள் சொன்ன இரண்டு சொல்லுக்கும் நடுவில் இந்த அத்தியாயம் முழுக்க அடங்கியிருக்கிறது. இறுகியது என்றால் தண்ணீர் மட்டும் போயிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் திரும்பும். கருகியது என்றால் தண்ணீர் போன பிறகு சர்க்கரை தன் உருவையே மாற்றிக்கொண்டுவிட்டது. எத்தனை குடம் ஊற்றினாலும் மீளாது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு நிமிடம்கூட இல்லை.

கறியைத் தட்டில் மாற்றியதும் அம்மா வடித்த சோற்றில் இரண்டு கரண்டியை அள்ளி அந்தச் சட்டியில் போட்டுப் பிரட்டத் தொடங்கினாள். அன்றைக்கு எனக்குச் சட்டி தேய்க்கிற வேலை இருக்கவில்லை.